கேட்டது ஒன்று, வந்தது ஒன்று: சொகுசு காரை ஃபேக்டரி ஆர்டரில் வாங்கும் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபது, எண்பது லட்சம் கொடுத்து வாங்கும் காரில் தவறு நடக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் விலை கூடக்கூட தவறு நுழையும் வழிகளும் கூடுகின்றன. சாதாரண ஹேட்ச்பேக் வாங்கும்போது வேரியன்ட், நிறம் இரண்டையும் சொன்னால் வேலை முடிந்தது. சொகுசு காரில் பெயின்ட், சீட்டின் தோல், டேஷ்போர்டின் மரவேலை, வீல், சவுண்ட் சிஸ்டம், சீட் வென்டிலேஷன், கண்ணாடிக் கூரை, கேமரா என்று முடிவு செய்ய வேண்டியவை ஏராளம். ஒவ்வொன்றும் நம் வாயிலிருந்து சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவின் நோட்டுக்குப் போகிறது. அங்கிருந்து டீலரின் கம்ப்யூட்டருக்கு, அப்புறம் கம்பெனியின் இந்திய அலுவலகத்துக்கு, கடைசியில் தொழிற்சாலைக்கு. தொழிற்சாலை பெரும்பாலும் தனக்கு வந்த பட்டியலைப் பிசகாமல் செய்துவிடும். பட்டியல்தான் வழியில் மாறிப்போகிறது.

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை இருக்கும் நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை கார்களுக்கு நமக்குப் பக்கமான ஷோரூம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. மதுரையோ கோயம்புத்தூரோ ரொம்ப தூரம். கார் கேரளத்தில் வாங்கி, பதிவு தமிழ்நாட்டில் என்றால் காகிதமும் இரண்டு மாநிலம் ஏறி இறங்கும். அதையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறேன்.

1. இது உண்மையிலேயே ஃபேக்டரி ஆர்டர்தானா?

முதல் கேள்வி இதுதான். இதைக் கேட்காமல் முன்பணம் கட்டுகிறவர்கள்தான் பாதிப்பேர்.

இந்தியாவில் விற்கும் சொகுசு கார்களில் பெரும்பகுதி இங்கேயே பூட்டப்படுகிறது, அதாவது அசெம்பிள் செய்யப்படுகிறது. பி.எம்.டபிள்யூ 2007 முதல் சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டுகிறது. மெர்சிடிஸ் பூனே அருகே சாகனில். ஆடி, பழைய அவுரங்காபாத்தான சத்ரபதி சம்பாஜி நகரில். வால்வோ பெங்களூரு பக்கம் ஹொசகோட்டேயில். ரேஞ்ச் ரோவரும் 2024 முதல் பூனேயில் பூட்டப்படுகிறது. பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இங்கே கார் ஆகின்றன. இதை சி.கே.டி. என்பார்கள். இப்படி வரும் பெட்டிகளை ஒரே மாதிரியான பல கார்களுக்குச் சேர்த்துத்தான் வரவழைப்பார்கள். ஆகவே சி.கே.டி. காரில் உங்களுக்கென்று தனியாக ஒரு கார் செய்யப்படுவது குறைவு. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அடுத்த மாதங்களில் பூட்டப்போகும் கார்களில் நீங்கள் கேட்டதுக்குப் பொருந்துகிற ஒன்றை உங்கள் பெயருக்கு ஒதுக்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதை 'ஃபேக்டரி ஆர்டர்' என்று சொல்லிக் காத்திருக்க வைத்தால், ஏதாவது ஒன்று குறையும்போது "இதுதான் சார் கிடைக்குது" என்ற பதிலுக்குத் தயாராக இருங்கள்.

போர்ஷே போல முழு வண்டியாகவே இறக்குமதியாகும் சி.பி.யூ. கார்களில்தான் உண்மையான தனி ஆர்டர் நடக்கிறது. போர்ஷேயில் எக்ஸ்க்ளூசிவ் மேனுஃபாக்டூர், மெர்சிடிஸில் மானுஃபாக்டூர், பி.எம்.டபிள்யூவில் இண்டிவிஜுவல் என்று இதற்குத் தனிப் பிரிவுகளே உண்டு. இதன் செலவு வேறு கதை. 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு இறக்குமதியில் விழும் மொத்தச் சுமை, 2025 பட்ஜெட்டில் கணக்கை மாற்றி அமைத்த பிறகும் 110 சதவீதமாகவே இருந்தது. அங்கே ஆயிரம் யூரோ விலையுள்ள ஒரு ஆப்ஷன் இங்கே வந்து சேரும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆக, வராத ஆப்ஷனுக்கும் அதே கணக்கில்தான் நீங்கள் பணம் கொடுத்திருப்பீர்கள்.

டீலரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்கென்று தனி உற்பத்தி எண் விழுமா, இல்லை வருகிற லாட்டிலிருந்து ஒதுக்குவீர்களா?" பதிலை மெயிலில் வாங்குங்கள்.

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. துபாயில் மச்சானின் காரில் பார்த்த வசதி இங்கே இருக்கும் என்று எண்ணி வராதீர்கள். அது இடது கை ஸ்டியரிங், அந்தச் சந்தைக்கான ஆப்ஷன் பட்டியல். ஜெர்மனி, இங்கிலாந்து இணையதளங்களில் கார் 'கட்டி'ப் பார்த்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஷோரூமுக்கு அனுப்புவதும் இதே தப்புதான். இந்தியத் தளத்தில் உள்ள கான்ஃபிகரேட்டர் மட்டுமே கணக்கு.

2. யார் பெயர், எந்த முகவரி

இதை முன்பணம் கட்டும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். புக்கிங் படிவத்தில் கொடுக்கும் பெயரும் பேன் எண்ணும் முகவரியும்தான் இன்வாய்ஸ் வரை அப்படியே போகும். பாறசாலையில் ஒரு வீடு, களியக்காவிளையில் ஒரு வீடு என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் இடம் உள்ள குடும்பங்கள் நம்மிடம் நிறைய. கார் எங்கே நிற்கப்போகிறதோ அந்த முகவரியைக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். கேரளத்திலும் அந்த விலைக்குக் குறைவில்லை. ஆகவே மாநிலம் மாற்றி வரி மிச்சம் பிடிக்கும் யோசனைக்கு இங்கே அர்த்தமே இல்லை. புதுச்சேரி முகவரி யோசனையைச் சொல்ல யாராவது வருவார்கள். 2017-ல் கேரளத்துச் சினிமா பிரபலங்கள் சிலர் மீது அதற்காகத்தான் வழக்கு பாய்ந்தது. வேறு மாநிலப் பதிவு எண்ணோடு ஒரு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

திருவனந்தபுரத்தில் வாங்கி இங்கே பதிவு செய்வதென்றால் அங்கே தற்காலிகப் பதிவு, அப்புறம் இங்கே மார்த்தாண்டம் என்றால் டி.என். 75, நாகர்கோவில் என்றால் டி.என். 74. வரியும் இங்கே கட்டுவது. இந்தத் தற்காலிகப் பதிவுக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

இன்னொன்று: 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே ஷோரூம் பிடித்து உங்கள் கணக்கில் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். 80 லட்சம் காருக்கு 80,000 ரூபாய். அது இன்வாய்ஸில் உள்ள பேன் எண்ணின் கணக்கில்தான் சேரும். மகன் பணம் அனுப்பி அப்பா பெயரில் வாங்கினால், திரும்பக் கேட்க வேண்டியது அப்பாவின் வருமான வரிக் கணக்கில். ரப்பர் விற்ற பணம் கையில் இருக்கிறதே என்று ரொக்கமாகக் கொடுக்கவும் வழியில்லை. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க ஷோரூமுக்கு வருமான வரிச் சட்டத்தில் தடை.

3. பெயரை நம்பாதீர்கள், கோடு வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

சொகுசு கார் கம்பெனிகளில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு கோடு (code, குறியீட்டு எண்) உண்டு. தொழிற்சாலைக்குப் போவது அந்தக் கோடு மட்டும்தான். உதாரணத்துக்கு, மெர்சிடிஸில் கறுப்பு என்றால் ஒன்றல்ல: 040 என்பது மினுமினுப்பு இல்லாத வெறும் கறுப்பு, 197 என்பது ஆப்சிடியன் பிளாக், மெட்டாலிக். பி.எம்.டபிள்யூவிலும் அப்படித்தான்: 668 வெறும் கறுப்பு, 475 பிளாக் சஃபையர் மெட்டாலிக். ஷோரூமில் உட்கார்ந்து "கறுப்பு போடுங்க" என்றால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் நிறுத்திப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பேக்கேஜ்களில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பேக்கேஜ் என்பது நாலைந்து ஆப்ஷன்களின் கட்டு. அதற்குள் என்ன இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் நண்பர் வாங்கிய காரில் அந்தப் பேக்கேஜில் சீட் வென்டிலேஷன் இருந்தது என்பதற்காக இந்த வருடமும் இருக்கும் என்று இல்லை. சில ஆப்ஷன்கள் ஒன்றோடு ஒன்று சேராது. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று தானாகக் கழன்றுவிடும். கம்ப்யூட்டர் அதை ஒரு சின்ன எச்சரிக்கையாகக் காட்டும். அவசரத்தில் இருக்கும் எக்ஸிக்யூட்டிவ் 'ஓகே' அழுத்திவிட்டுப் போய்விடுவார்.

குலசேகரம் பக்கத்தில் உள்ள என் பெரியப்பா மகனுக்கு நடந்தது இது. முன் சீட்டில் வென்டிலேஷன் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். முதுகு வேர்க்கும் ஆள். எக்ஸிக்யூட்டிவ் சிரித்துக்கொண்டே "சாரே, அதெல்லாம் செட்டாக்காம்" (எல்லாம் சரிசெய்துவிடலாம்) என்று மலையாளத்தில் சொன்னார். அந்த வார்த்தை எல்லைக்கு இந்தப் பக்கமும் எல்லோருக்கும் பழக்கம். கேட்டாலே மனசு குளிர்ந்துவிடும். பிறகு அண்ணன் சீட்டின் தோல் நிறத்தை மாற்றினார். புதிய நிறத்தோடு வென்டிலேஷன் சேராது என்று பட்டியலிலிருந்து அது கழன்றுபோனது. கார் வந்து சீட்டில் உட்காரும் வரை யாருக்கும் தெரியவில்லை. எக்ஸிக்யூட்டிவ் அதற்குள் வேறு ஷோரூமுக்கு மாறிப் போயிருந்தார். "நீங்க மாத்தச் சொன்னீங்களே அண்ணாச்சி" என்று புதியவர் சொன்னதற்கு அண்ணனிடம் பதில் இல்லை, ஏனென்றால் கையில் காகிதம் இல்லை.

எனவே நீங்கள் வாங்க வேண்டியது: கோடும், அதற்கு நேரே விளக்கமும், விலையும் உள்ள முழுப் பட்டியல். மாடல் வருடம், பெயின்ட் கோடு, உள்ளலங்காரக் கோடு, வீல் கோடு, ஒவ்வொரு ஆப்ஷனும், ஒவ்வொரு பேக்கேஜும் விரித்து எழுதியது. அது டீலரின் எக்செல் தாளாக இல்லாமல், கம்பெனியின் ஆர்டர் மென்பொருளில் இருந்து எடுத்த பிரின்ட்டாக இருக்க வேண்டும். போர்ஷேயில் கான்ஃபிகரேட்டரே உங்கள் காருக்கு ஒரு போர்ஷே கோடு கொடுத்துவிடும், அதைச் சேமித்துவைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, சேல்ஸ் மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். முடிவானதை எல்லாம் மெயிலில் ஒருமுறை எழுதி "இதுதான் இறுதி" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆப்ஷனை மாற்றினால், மாற்றிய ஒரு வரியை மட்டும் பார்க்காமல் பட்டியல் முழுவதையும் மறுபடி வாங்கி முதலிலிருந்து படியுங்கள்.

பட்டியலோடு சேர்த்து நம்மூர் வழியையும் யோசியுங்கள். 21 அங்குல வீலும் மெல்லிய டயரும் படத்தில் அழகுதான். மழை முடிந்த பிறகு அருமனை, ஆற்றூர் பக்கத்துச் சாலைகளில் அந்த டயர் எத்தனை குழியைத் தாங்கும்? விளைக்குள் இருக்கும் வீட்டுக்குப் போகும் ஒடுக்கமான வழியில் கண்ணாடியோடு சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ள வண்டி திரும்புமா? ஸ்டெப்னி உண்டா, இல்லை பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃப்ளாட் டயரா? இதெல்லாம் ஆர்டருக்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை.

4. விலைக்கும் முன்பணத்துக்கும் உள்ள நிபந்தனைகள்

புக்கிங் படிவத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: டெலிவரி நாளில் என்ன விலையோ அதுவே விலை. ஆறு மாதம் காத்திருக்கும் காருக்கு இது பெரிய வரி. கம்பெனிகள் ஜனவரியில் விலை ஏற்றுவது வழக்கம். 80 லட்சத்தில் 2 சதவீதம் என்றால் 1,60,000. அதன்மேல் வாழ்நாள் வரி 32,000. சில நேரம் நமக்குச் சாதகமாகவும் போகும்: 2025 செப்டம்பர் 22-ல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதமாகி செஸ் போனபோது, முன்னால் 50 சதவீதம் வரை வரி இருந்த எஸ்.யூ.வி.களை அதற்கு முன்பே புக் செய்து காத்திருந்தவர்களுக்கும் குறைந்த வரியே விழுந்தது.

விலை ஏறினால் பணத்தை முழுதாகத் திருப்பித் தருவீர்களா, பட்டியலில் உள்ள ஆப்ஷன் ஒன்று வராமல் போனால் தருவீர்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தனி ஆர்டரில் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள டீலர் விரும்புவது நியாயம்தான். நாளைக்கு நீங்கள் வேண்டாம் என்றால் அந்த வினோத நிறத்தை வேறு யார் வாங்குவார்? ஆனால் அந்த விதி நீங்கள் மனம் மாறினால் மட்டும்தான். அவர்கள் தவறினால் அல்ல. இதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பணம் விடுவிப்பது மட்டும் சோதனைக்குப் பிறகு. முன்னாடியே விடுவித்தால் வட்டி உங்களுக்கு ஓட ஆரம்பித்துவிடும். அதைவிட, பேரம் பேசும் பலமும் போய்விடும்.

5. பூட்டு விழும் நாள்

எல்லா ஆர்டருக்கும் ஒரு பூட்டு நாள் உண்டு. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. காரணம் பிடிவாதம் இல்லை. இந்தக் கார்களில் வயரிங் ஹார்னஸ் (மின்வயர்களின் கட்டு) ஒவ்வொரு காரின் ஆப்ஷனுக்கும் ஏற்றபடி தனியாகச் செய்யப்படுகிறது. சீட்டும் அசெம்பிளி லைனில் கார் வரும் வரிசைப்படியே வெளியிலிருந்து வந்து சேரும். பூட்டு விழுந்துவிட்டால் அந்தச் சங்கிலி முழுதும் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

பூட்டு நாள் எது என்று கேட்டு வாங்கி, அதற்கு ஒரு வாரம் முன்னால் கம்பெனியிடமிருந்து வந்த ஆர்டர் உறுதிச் சீட்டைக் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியலையும் அதையும் பக்கத்தில் வைத்து, கோடு கோடாக டிக் அடியுங்கள். வீட்டில் பொறுமையான ஒருவரை உட்கார வைத்து, ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்த்தால் அரை மணி நேரம் ஆகும். இந்த இடத்தில் கண்டுபிடிக்கும் தவறுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

6. காத்திருக்கும் மாதங்கள்

இந்த நாட்களில் நம் கையில் அதிகம் இல்லை. ஆனாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பாகத் தட்டுப்பாடு. 2021-ல் சிப் கிடைக்காமல் பி.எம்.டபிள்யூ சில மாடல்களில் டச் ஸ்கிரீன் வசதியையே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அதற்காக 500 டாலர் கழிவு கொடுத்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து வர வேண்டிய வயரிங் வராமல் ஜெர்மன் தொழிற்சாலைகள் நின்றன. தட்டுப்பாட்டில் ஆப்ஷன் கழன்றால் கம்பெனி டீலருக்குச் சொல்லும். டீலர் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் கண்ணி அறுபடும் இடம். மாதம் ஒருமுறை "பட்டியலில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று மெயில் போடுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி ஆகிறது.

இரண்டு, மாடல் வருடம் மாறுவது. உற்பத்தி தள்ளிப்போய் அடுத்த மாடல் வருடத்தில் விழுந்தால், பேக்கேஜ்களின் உள்ளடக்கம் மாறிவிடும். புதிய பட்டியல் வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மூன்று, கப்பல். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அசோர்ஸ் தீவுகள் அருகே தீப்பிடித்து, ஏறத்தாழ 4,000 கார்களோடு மார்ச் 1-ஆம் தேதி மூழ்கியது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி எல்லாம் அதில் இருந்தன. உற்பத்தி முடிந்துபோன அவென்டடோர் உல்டிமே கார்களுக்கு மாற்று செய்ய லம்போர்கினி லைனை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. இது அபூர்வம்தான். ஆனால் கார் உங்கள் கைக்கு வரும்வரை நஷ்டம் அவர்களுடையது என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். (விழிஞ்ஞம் துறைமுகம் பக்கத்தில் வந்துவிட்டதே, கார் அங்கேயே இறங்குமா என்று கேட்கிறார்கள். அது கன்டெய்னர் துறைமுகம். கார்களை ஓட்டி ஏற்றி இறக்கும் கப்பல் வேறு வகை.)

இந்த நாட்களில்தான் ஒரு போன் வரும்: "சார், உங்க ஸ்பெக்குக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு வண்டி ரெடியா வந்திருக்கு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்." மாத இலக்கு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. வேண்டுமானால் தாராளமாக எடுங்கள், ஆனால் அதை ஒரு ஸ்டாக் காராக விலை பேசுங்கள். ஸ்டாக் காருக்குத் தள்ளுபடி உண்டு. உங்கள் ஆர்டருக்கு இல்லை. மெர்சிடிஸ் மட்டும் இதில் கொஞ்சம் வேறு. 2021 அக்டோபர் முதல் கம்பெனியே நேரடியாக இன்வாய்ஸ் போடுகிறது, ஸ்டாக்கும் கம்பெனியுடையது. அங்கே திருவனந்தபுரமா கோயம்புத்தூரா என்று விலைக்காக அலைய வேண்டியதில்லை.

7. கார் வந்ததும், இன்வாய்ஸுக்கு முன்

கார் யார்டுக்கு வந்த செய்தி கிடைத்ததும் ஷோரூமில் பூமாலை, கேக், ரிப்பன் ஏற்பாடெல்லாம் தொடங்கிவிடும். அந்தத் துணி மூடிய நாளுக்கு முன்பே, சாதாரண ஒரு காலையில், வெயில் வெளிச்சத்தில் காரைப் பார்க்க வேண்டும். இன்வாய்ஸ் போடும் முன், காப்பீடு எடுக்கும் முன், தற்காலிகப் பதிவு செய்யும் முன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லும் விஷயம் நேரானது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் (பிரிவு 15). வாங்குகிறவருக்குச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டு (பிரிவு 41). ஆனால் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு அதை நிராகரிக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும் (பிரிவு 13). உங்கள் பெயரில் பதிவு செய்துவிட்ட காரை "நான் ஏற்கவில்லை" என்று சொல்வது கடினம். டீலருக்கும் அதற்குப் பிறகு அது புதுக் கார் அல்ல, பழைய கார்.

கையில் பட்டியலோடு போங்கள். சேஸிஸ் நம்பரைக் கண்ணாடியின் கீழும் உடம்பிலும் பார்த்து, அந்த நம்பரை வைத்து டீலரின் மென்பொருளிலேயே ஆப்ஷன் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். மெர்சிடிஸ்காரர்கள் அதை டேட்டா கார்டு என்பார்கள், பி.எம்.டபிள்யூவில் சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைப் போட்டாலே வந்துவிடும். அது தொழிற்சாலையின் வாக்குமூலம். அதற்கும் உங்கள் பட்டியலுக்கும் வித்தியாசம் இருந்தால் தவறு ஆர்டரில். அது சரியாக இருந்து காரில் இல்லையென்றால் தவறு தொழிற்சாலையில் அல்லது யார்டில். யாரைக் கேட்பது என்பது இங்கேதான் தெரியும்.

அப்புறம் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். சீட் வென்டிலேஷனைக் கை வைத்து உணருங்கள், மெமரி பட்டன், பின் சன்பிளைண்ட், எல்லா கேமராவும், சாவி இரண்டும். உற்பத்தி மாதம், வருடம் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் இருக்கும். சேஸிஸ் நம்பரின் பத்தாவது எழுத்தை வைத்து வருடம் சொல்லும் வித்தை எல்லா ஐரோப்பியக் கம்பெனிக்கும் பொருந்தாது, ஆகவே படிவத்தைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2225 என்றால் 2025-ன் 22-ஆவது வாரம். பெயின்ட் கனம் அளக்கும் கருவி ஒருவரிடம் இரவல் வாங்கிப் போனால் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் வழியில் எங்கோ உரசி, யார்டில் அடித்திருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் பூட்டிய பொருளா, டீலர் பூட்டியதா என்றும் கவனியுங்கள். குறைந்துபோன ஆப்ஷனை வெளிச்சந்தைப் பொருளால் நிரப்பி வைப்பதும் உண்டு.

8. தவறு இருந்தால் என்ன செய்வது

முதலில் கோபப்படாமல் போட்டோ, வீடியோ எடுங்கள். அன்றைக்கே மெயில்: பட்டியலில் இன்ன கோடு, காரில் இல்லை, முடிவு வரும்வரை இன்வாய்ஸ் போட வேண்டாம். சேல்ஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் இந்தியக் கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயிலில். டீலர் மட்டும் என்றால் விஷயம் மேசைக்குள் போய்விடும்.

பிறகு, குறைந்தது பின்னால் பூட்டக்கூடியதா என்று பாருங்கள். என் கணக்கு இப்படி. வீல், மேட், பெயர்ப் பட்டை, வெளி ட்ரிம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். காரை எடுக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரில் திறக்கக்கூடிய சில வசதிகளும் அப்படியே. ஆனால் சீட் வென்டிலேஷன், உயர்ந்த சவுண்ட் சிஸ்டம், ஏர் சஸ்பென்ஷன் போன்றவைக்குச் சீட்டு முதல் வயரிங் வரை மாற வேண்டும். புதுக் காரைப் பிரித்துப் போட்டுச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவர்கள் இலவசமாகவே செய்தாலும். கண்ணாடிக் கூரை என்றால் பேச்சே இல்லை, அது பாடியோடு பிறப்பது. எதைப் பின்னால் பூட்டினாலும் அது சேஸிஸ் நம்பரின் பதிவில் ஏறுமா, வாரன்டி எத்தனை வருடம் என்பது எழுத்தில் வேண்டும்.

வெளி நிறம் தவறு என்றால் நிராகரியுங்கள். மேலே வேறு நிறத்தில் ஸ்டிக்கர் படலம் (wrap) ஒட்டித் தருகிறோம் என்பார்கள். கதவைத் திறந்தால் பழைய நிறம் சிரிக்கும், விற்கும்போதும் ஆர்.சி.யில் உள்ள நிறம்தான் பேசும். உள்தோலின் நிறம் தவறு என்றாலும் என் பதில் அதேதான்.

சின்னக் குறைக்குக் காரை எடுத்துக்கொள்ள நினைத்தால், விலைப்பட்டியலில் அந்த ஆப்ஷனுக்கு என்ன விலையோ அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அதன்மேல் போன வரியும் சேரும். அந்தத் தொகை இன்வாய்ஸிலேயே குறைய வேண்டும். இன்வாய்ஸில் குறைந்தால் ஜி.எஸ்.டி., வாழ்நாள் வரி, டி.சி.எஸ். எல்லாம் கூடவே குறையும். இலவச செராமிக் கோட்டிங், ஆக்சஸரி கூப்பன் எல்லாம் டீலருக்கு மலிவு, உங்களுக்கும் அந்த மதிப்புதான். நீட்டித்த வாரன்டியோ சர்வீஸ் பேக்கேஜோ கொடுத்தால் யோசிக்கலாம், ஏனென்றால் நீங்கள் எப்படியும் அதற்குச் செலவு செய்யப்போகிறீர்கள்.

வேண்டாம், மறுபடி செய்து தாருங்கள் என்றால் புதிய உற்பத்தி நாளும், பழைய விலையும், நடுவில் விலை ஏறினால் அது அவர்கள் தலையில் என்பதும் எழுத்தில். காத்திருக்க முடியாவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பேச்சு முறிந்தால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கம்பெனிகள் அங்கே புகார் பதிவானதும் பேச வருகின்றன. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் திருவனந்தபுரத்தில் என்பதால் அங்கே நடக்க வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு மதுரையில் கிளை அமர்வு உண்டு. கெடு இரண்டு வருடம். காரைக் கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால், இது வணிகத்துக்காக வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். அதனால் சொந்த உபயோகத்துக்கான காரைச் சொந்தப் பெயரில் வாங்குவது நல்லது.

வழக்கில் ஆணையம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் கேட்டது என்ன என்பதற்கு ஆதாரம் எங்கே? மூன்றாவது படியில் கையெழுத்துப் போட்ட தாளும், ஐந்தாவது படியின் உறுதிச் சீட்டும், ஏழாவது படியின் சேஸிஸ் பட்டியலும் ஒரே ஃபைலில் இருந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை குறையும். இந்த மூன்று தாளையும் காரை விற்கும் நாள் வரை வைத்திருங்கள். வாங்க வருகிறவரும் அதையே கேட்பார், தாள் இருந்தால் ஆப்ஷனுக்கும் விலை கொடுப்பார்.